90-லிருந்து ஒரு மீட்டருக்கு எப்போது போகலாம்?

சிங்கப்பூரில் குதிரையேறித் தடை தாண்டும் போட்டிகளில் ஓட்டுகிறவள் நான்; 80, 90 என்பதெல்லாம் தடையின் உயரம், சென்டிமீட்டரில். லாயத்தில் என்னைவிட இளையவர்கள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, 80-ல ரெண்டு தடவ கிளியர் வந்துருச்சு, அடுத்த ஷோவுல 90 போட்டுரலாமா?" நான் ஆமாம் சொல்லிவிட்டால் போதும், அடுத்த நிமிடமே பெயர் கொடுத்துவிடுவார்கள், அப்படி ஒரு ஆசை முகத்தில் தெரியும். நான் திருப்பி ஒன்றுதான் கேட்பேன். 80-ல் உன்னுடைய மிக மோசமான ரவுண்டு எப்படி இருந்தது? அதை முதலில் சொல், அப்புறம் 90 பற்றிப் பேசலாம்.

இப்போது அதே கேள்வி என் முன்னால் நிற்கிறது. 90 செ.மீ. வகுப்பில் கொஞ்ச காலமாகப் போட்டியிடுகிறேன், ஒரு மீட்டருக்குப் போகலாமா என்று கோச்சும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசப் பேச எனக்குள் இருந்த கருத்து இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கிளியர் ரவுண்டு. கம்பு விழாமல் முடித்தால் சந்தோஷம்தான், நானும் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சுகிறவள்தான். ஆனால் கம்பு விழாததற்குப் பல காரணம் இருக்கலாம். குளம்பு உரசி, கம்பு தன்னைத் தாங்கும் கப்பிலேயே உருண்டு நின்றிருக்கும். தடைக்கு மிகக் கிட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திய பிறகும் குதிரை தானாகவே முன்கால்களை மடக்கி எகிறித் தப்பித்திருக்கும். ஓரளவு பழகிய, திடமான குதிரைக்கு 80 என்பது கேன்ட்டர் என்கிற மிதமான ஓட்டத்தில் ஒரு ஸ்ட்ரைட், அதாவது ஒரு பாய்ச்சல், கொஞ்சம் பெரிதானது மாதிரிதான், தூரத்திலிருந்தும் தாவும், ஒட்டிப் போயும் தாவும், நாம் மேலே உட்கார்ந்து என்ன செய்தாலும் அது சமாளித்துக்கொள்ளும். இந்தச் சமாளிப்பு ஒரு மீட்டரைத் தாண்டும்போது குறைய ஆரம்பிக்கும், 1.10, 1.20 என்று போகப் போக இன்னும் சுருங்கும். உயரம் மட்டுமா கூடுகிறது? முன்னும் பின்னுமாகக் கம்பு வைத்த ஆக்ஸர் தடையின் அகலமும் கூடவே கூடும். அகலமில்லாமல் நேராக நிற்கும் வெர்டிகல் தடைக்கு ஒட்டிப் போய்விட்டால் ஒரு கம்பு விழும், அவ்வளவுதான். அகலமான ஆக்ஸருக்கு வேகமில்லாமல், தப்பான இடத்திலிருந்து எழும்பினால் பின்கம்பின் மேலேயே குதிரை இறங்க நேரிடும். அப்படி நடந்தால் கம்பு கழன்று விழ வேண்டும் என்பதற்காகத்தான் ஆக்ஸரின் பின்கம்புக்குப் பாதுகாப்புக் கப் வைக்கிறார்கள். அந்தக் கப் ஏன் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு நிமிடம் யோசித்தால், 10 சென்டிமீட்டர்தானே என்று யாருக்கும் சொல்ல வராது.

மதிப்பெண் முறையும் நமக்கு இதைச் சொல்லாது. ஒரு கம்பு விழுந்தால் 4 தண்டப்புள்ளி, குதிரை முதல் தடவை தாண்ட மறுத்தால் 4, சர்வதேச விதிப்படி இரண்டாம் தடவை மறுத்தால் வெளியேற வேண்டியதுதான், விழுந்தாலும் வெளியேற்றம். அழகாக, நல்ல கேன்ட்டரில் வந்து கடைசித் தடையில் பின்கால் லேசாகத் தட்டினால் 4. முதலிலிருந்து கடைசிவரை கடிவாளத்தில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு தடையிலும் குதிரை புண்ணியத்தில் தாண்டி வந்தால் 0. நடுவர் அப்படித்தான் எழுத வேண்டும், அது அவர் வேலை. ஆனால் மேலே போகலாமா என்று முடிவெடுக்கும்போது நான் அந்த 4-ஐத்தான் நம்புவேன்.

உயரத்தைவிடக் கோர்ஸ்தான், அதாவது தடைகளை வரிசையாக வைத்திருக்கும் பாதைதான், பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். பயிற்சி வகுப்பில் கோச் ஒரே ஒரு தடையை 1.10-க்கு உயர்த்திவிட்டு வா என்றால் பலரும் தாண்டிவிடுவார்கள். குதிரைக்கு நேரம் இருக்கிறது, நமக்கும் நேரம் இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் வேறு எதுவும் இல்லை. போட்டியில் அப்படிக் கிடையாது. திருப்பத்திலிருந்து வந்து வெர்டிகல், நான்கு ஸ்ட்ரைட் தள்ளி ஆக்ஸர், இறங்கியதும் இடப்பக்கம் திரும்பி டபுள், அதாவது அடுத்தடுத்து இரண்டு தடை, அதுவும் வெளியேறும் வாசல் பக்கமாக, குதிரையின் மனசெல்லாம் வாசலில் இருக்கும்போது. கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிரையின் ஒரு கேன்ட்டர் ஸ்ட்ரைட் சுமார் 3.6 மீட்டர். நான்கு ஸ்ட்ரைட் இடைவெளி என்றால், இறங்கும் இடம், எழும்பும் இடம் இரண்டையும் சேர்த்து 18 மீட்டர். நிமிடத்துக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால் அந்த இடைவெளியைக் கடக்க மூன்றே விநாடிதான் ஆகும். அந்த மூன்று விநாடிக்குள் எங்கே இறங்கினோம், ஸ்ட்ரைட் நீளமா குட்டையா, காத்திருக்க வேண்டுமா அழுத்த வேண்டுமா என்று தெரிந்து, உடம்பாலேயே குதிரையிடம் சொல்லி, அது கேட்டும் முடித்திருக்க வேண்டும். நாம் கேட்டு அது பதில் சொல்ல இரண்டு ஸ்ட்ரைட் ஆகிறதென்றால், நமக்கு மிஞ்சுவது இரண்டே இரண்டு.

இந்த இடத்தில் ஒரு சின்ன வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், பலரும் இதைச் சட்டை செய்வதே இல்லை. போட்டிக்கு முன் கோர்ஸைக் காலால் நடந்து அளக்கும்போது நம் நடை ஒவ்வொன்றும் சரியாக 90 செ.மீ. இருந்தால் நான்கு நடை ஒரு ஸ்ட்ரைட். இறங்குவதற்கு இரண்டு நடை, எழும்புவதற்கு இரண்டு நடை, நடுவில் பதினாறு, ஆக 20 நடை என்றால் நான்கு ஸ்ட்ரைட். 19 வந்தால் குதிரையைக் கொஞ்சம் பிடித்து ஓட்ட வேண்டும், 21 வந்தால் திறந்துவிட வேண்டும். ஆனால் நம் நடை 90 தானா? நான் எங்கள் வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் தாழ்வாரத்தில் அளவுநாடா வைத்து, தரையில் 90, 180, 270 என்று மாஸ்கிங் டேப் ஒட்டி, ஷோவுக்கு முந்தைய வாரம் முழுக்க இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பேன். கண்ணை மூடிக்கொண்டு நடந்து, திறந்து பார்த்தால் கால் டேப்பின் மேலேயே இருக்கும் வரைக்கும். எதிர்வீட்டுப் பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார், இப்போது அவரே "கொஞ்சம் கம்மி, கொஞ்சம் கம்மி" என்று திருத்துகிறார். ஒரு மீட்டருக்குப் போக நினைக்கும் யாருக்கும் முதலில் இந்த நடை கைவர வேண்டும் என்பேன். 80-ல் நடை தப்பாக இருந்தாலும் குதிரை ஒரு குட்டி ஸ்ட்ரைட்டை நடுவில் நுழைத்துக்கொண்டு போய்விடும். மேலே அந்தக் குட்டி ஸ்ட்ரைட் நம்மைத் தடைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தும்.

சரி, மோசமான ரவுண்டுக்கு வருகிறேன். எல்லோருக்கும் நல்ல நாள் இருக்கும். குதிரை உற்சாகமாக இருக்கும், மணல் நன்றாகக் காய்ந்திருக்கும், நாமும் தூங்கி எழுந்து வந்திருப்போம், அன்று 90 என்ன, 1.10 கூடப் போயிருக்கலாமே என்று தோன்றும். அந்த நாளை வைத்து முடிவெடுக்கவே கூடாது. வேலை முடிந்து களைத்துப்போய், வார்ம்-அப்பில் இரண்டு தடவை மறுத்துவிட்டு, மழை பெய்து மணல் கனத்துப்போன நாளில், அதே உயரத்தை எப்படி ஓட்டினேன் என்று பார்க்க வேண்டும். அந்த நாளிலும் தாளம் கெடாமல், குதிரை பயப்படாமல், ஒன்றிரண்டு கம்பு விழுந்தாலும் எல்லாத் தடையையும் நிதானமாக முடிக்க முடிந்ததென்றால் அந்த உயரம் நம்முடையது. மோசமான நாளில் ரவுண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறதென்றால், அந்த நாள் அடுத்த உயரத்திலும் கண்டிப்பாக வரும், அப்போது தடையும் பெரிதாக இருக்கும்.

இன்னொரு அடையாளமும் நான் வைத்திருக்கிறேன். ரவுண்டு முடித்து வெளியே வந்து, குதிரையை நடக்கவிட்டபடியே, முதல் தடையிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றுக்கும் எந்த மாதிரிக் கேன்ட்டரில் வந்தேன், எங்கிருந்து எழும்பினோம், இறங்கியதும் எந்த முன்கால் முன்னே வந்தது என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் மூளைக்கு நேரம் மிச்சம் இருந்தது என்று அர்த்தம். "எப்படியோ முடிஞ்சிருச்சு, நாலாவது தடையே ஞாபகம் இல்ல" என்றால், அது கிளியராகவே இருந்தாலும், மேலே போக இன்னும் நாள் இருக்கிறது. பயம் இருப்பது தப்பே இல்லை, நுழையும்போது வயிற்றைப் பிசைகிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. முதல் தடை தாண்டியதும் அது போய்விடுகிறதா, அல்லது கடைசித் தடை வரை மூச்சை அடைத்துக்கொண்டே இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் நம்மைப் பற்றி. தாவுகிறது குதிரைதானே. எங்கள் ஆள் பழைய பந்தயக் குதிரை. சிங்கப்பூரில் இப்படிப்பட்ட தரோபிரெட், அதாவது பந்தய இனக் குதிரைகள் நிறைய உண்டு, இங்கே ஓடியவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. பந்தயமும் இப்போது இல்லை, 180 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்தது, 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கிராஞ்சி பந்தயத் திடலில் கடைசி ஓட்டம் முடிந்தது. ஓடிப் பழகிய குதிரைக்கு ஸ்ட்ரைட் நீளம், உடம்பை முன்பக்கம் சாய்த்து நீட்டி ஓடத்தான் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தாவுவதற்கு அதற்கு நேர்மாறாக, எடையைப் பின்பக்கம் வாங்கி, பின்கால்களை அடியில் கொண்டுவந்து எழும்ப வேண்டும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பழையதை முதலில் மறக்க வேண்டும், அதற்கு வருஷங்கள் ஆகும். எங்கள் ஆளுக்கு 1.20 தாண்டும் கால் இருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கோர்ஸின் கடைசி மூன்று தடைகளில் களைத்துப்போனதும் பழைய பந்தய உடம்பு திரும்பி வந்துவிடுகிறது, நீட்டிக்கொண்டு தட்டையாகத் தாவுகிறான். வீடியோ பார்க்கும்போது நான் முதல் தடையைப் பார்ப்பதே இல்லை, சத்தத்தை நிறுத்திவிட்டு கடைசி மூன்றை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அங்கே அவன் முதுகு வளைகிறதா, தட்டையாக இருக்கிறதா, அது ஒன்றே எனக்குப் பதில்.

லாயத்தில் எங்களுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். ஈப்போக்காரர், கிராஞ்சியில் பல வருஷம் குதிரை பராமரித்தவர், பந்தயம் நின்ற பிறகு இங்கே வந்தார். அவர் ஷோ நாளில் எதுவும் பேச மாட்டார். ரிப்பன் வாங்கிக்கொண்டு வந்தாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால்தான் அவர் வேலை தெரியும். குதிரைக்குத் தீனி போடும் முன், முட்டிக்குக் கீழிருந்து உள்ளங்கையை மெதுவாக இறக்கிக்கொண்டே வருவார், பின்புறத் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பார், அப்புறம் கணுவைச் சுற்றி, குளம்புக்கு மேல் விரலை வைத்து நாடி பார்ப்பார். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால் அவர் கை அங்கேயே நின்றுவிடும். என்னையும் தொடச் சொல்வார். "நேத்து என்ன ரிசல்ட்டுன்னு எனக்குத் தெரியாதும்மா. இன்னைக்கு இந்தக் கால் என்ன சொல்லுதுன்னு பாரு, அதான் ரிசல்ட்டு." தாவி இறங்கும்போது முதலில் ஒரு முன்கால், அடுத்து இன்னொன்று, அந்த இரண்டு மெல்லிய கால்கள்தான் அரை டன் உடம்பையும் அதன் மேல் நம்மையும் வாங்குகின்றன. உயரம் கூடக் கூட அந்தச் சுமையும் கூடும். அண்ணனைக் கேட்காமல் மேலே போவதைப் பற்றி நான் இப்போது முடிவெடுப்பதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், சிங்கப்பூருக்கே உரியது. இங்கே சொந்தக் குதிரை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இடம் குறைவு, வைக்கோலிலிருந்து எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டும், செலவைச் சொல்லவே வேண்டாம். என்னைப் போன்றவர்கள் பாதி லீஸ், அல்லது கிளப் குதிரை. எங்கள் ஆளை நானும் ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவியும் பகிர்ந்துகொள்கிறோம். அவள் கணக்கில் அவள் கொஞ்சம்தான் தாண்டினாள், என் கணக்கில் நான் கொஞ்சம்தான் தாண்டினேன், ஆனால் குதிரை இரண்டையும் சேர்த்துத் தாண்டியிருக்கும். அவள் வகுப்பு, என் வகுப்பு, அவள் வார்ம்-அப், என் வார்ம்-அப், மேலே போகும் முன் பழகிக்கொள்ள என்று கீழ் வகுப்பிலும் ஒரு ரவுண்டு. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மேலே போக ஆசைப்பட்டால் அதற்கு என்ன ஆகும்? பகிர்ந்து ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து ஒரே நோட்டில் எழுதுங்கள், எந்தத் தேதியில் எத்தனை தாவல், எந்த உயரம் என்று. எங்கள் நோட்டு சேண அறையில் ஆணியில் தொங்குகிறது.

வெயிலையும் விட்டுவிட முடியாது. காலை ஏழு மணிக்கே காற்றில் ஈரம் அப்பியிருக்கும் ஊர் இது, குதிரைக்கு வியர்த்தாலும் வியர்வை சீக்கிரம் காயாது, உடம்புச் சூடு இறங்காது. வெப்பமண்டலத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். நம் ஊரில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஒரே நாளில் 90 ஓட்டிவிட்டு அதே சூட்டோடு ஒரு மீட்டரும் ஓட்டலாம் என்று திட்டம் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானம் இடி எச்சரிக்கை வந்து போட்டி நின்று, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வார்ம்-அப் செய்து, நனைந்த மணலில் முதல் தடவையாகப் பெரிய கோர்ஸுக்குள் நுழைவது யாருக்குமே நல்ல ஆரம்பமாக இருக்காது. புது உயரம் என்றால் அன்றைக்கு அது ஒன்று மட்டும், காலை முதல் வகுப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

கிளப் குதிரை ஓட்டுகிறவர்கள் சிலர் "நான் 90 ரைடர்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குதிரையோடு நீங்கள் 90, இன்னொன்றோடு 70 ஆகவும் இருக்கலாம். 2010-ல் இங்கே நடந்த முதல் இளையர் ஒலிம்பிக்கில், உலகெங்கும் இருந்து வந்த பிள்ளைகளுக்கு அவர்களுடைய குதிரைகளைக் கொண்டுவர அனுமதி இல்லை, ஏற்பாட்டாளர்கள் கொடுத்த, முன்பின் தெரியாத குதிரையில்தான் ஓட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் தத்தம் நாட்டில் தேர்ந்தவர்கள், அவர்களுக்கே புதுக் குதிரையோடு பழகச் சில நாள் கொடுத்தார்கள். நமக்கு இன்னும் அதிக நாள் வேண்டும் என்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. குதிரை மாறினால் ஒரு படி இறங்கித் தொடங்குவதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் இறங்குவதற்கு இங்கே மனசு வராது, அது எனக்கும் புரிகிறது. சின்ன வட்டம், புக்கிட் தீமா, போலோ கிளப் என்று எங்கே ஷோ நடந்தாலும் அதே முகங்கள்தான், யார் எந்த வகுப்பில் பெயர் கொடுத்தார் என்று இரவுக்குள் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வீட்டிலும் கேட்பார்கள். என் சித்தப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் "இன்னும் 90 தானா?" என்று அன்பாகத்தான் கேட்கிறார், தொடக்கநிலை ஐந்திலிருந்து ஆறுக்குப் போவதுபோல வருஷா வருஷம் தானாக ஏறிவிட வேண்டும் என்று அவருக்கு. பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளை ஒரே உயரத்தில் ஒரு வருஷம் இருந்தால் பணம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த வருஷத்தில்தான் கண் பழகுகிறது, கை இளகுகிறது, குதிரை அந்தப் பிள்ளையை நம்பத் தொடங்குகிறது. ஒரு தடவை குதிரையின் நம்பிக்கை உடைந்து, தடைக்கு முன் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டால் அதைத் திரும்ப ஒட்டுவதற்கு அந்த ஒரு வருஷம் போதவே போதாது.

எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஷோவில் நான் 90-லேயே பெயர் கொடுத்திருக்கிறேன். பயிற்சி வகுப்பில் ஒரு மீட்டர் தாண்டுகிறோம், ஆனால் தனித் தடையாக இல்லாமல், நான்கு ஸ்ட்ரைட் இடைவெளியும் ஒரு டபுளும் வைத்து, பாதி கோர்ஸாக, களைப்பு வரும் நேரத்தில் கடைசியில் கோச் வேண்டுமென்றே ஓர் ஆக்ஸர் வைக்கிறார். அந்தக் கடைசி ஆக்ஸரில் அவன் முதுகு தொடர்ந்து வளைய ஆரம்பித்து, மறுநாள் காலையில் அண்ணனுடைய கை எந்தக் காலிலும் நிற்காமல் இறங்கினால், பருவமழை முடிந்து மணல் காய்ந்த பிறகு வரும் முதல் ஷோவில் ஒரு மீட்டர். அன்றைக்கு அந்த மாணவி ஓட்ட மாட்டாள், அவள் மேலே போகும் நாளில் நான் ஓட்ட மாட்டேன் என்று அவள் அம்மாவிடமும் பேசி முடித்தாயிற்று, அவருக்கும் முழுச் சம்மதம். சித்தப்பாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை, பொங்கலுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.